கழுகுமலையில் ஏறிய சார்

டெல்வினை எந்த வாத்தியாரும் உருவாக்கவில்லை. இது தற்பெருமை அல்ல, வரலாற்று உண்மை என்பதைக் கோவில்பட்டி பேக்கரி ஒன்றில், தேங்காய் பன்னைப் பிய்த்தபடி, அவனே முழுப் பொறுப்புடன் அறிவித்தான்.

"பூமியில பொறந்த எல்லாப் பயலையும் ஏதோ ஒரு வாத்தியாரு செதுக்கியிருக்காரு. செதுக்காம முழுசா வந்தவன் நான் ஒருத்தன்தான்."

"பாத்தாலே தெரியுது" என்றாள் ஜெயஷீலா.

பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களின் கூட்டம் அது. ஓய்வு பெற்றுவிட்ட கணக்கு வாத்தியார் கண்ணுசாமி சாருக்குப் பாராட்டு விழா எடுப்பதாகத் தீர்மானம். ஜெயஷீலா இப்போது நர்ஸ். விழாவை முன்னின்று நடத்தும் செல்வகணேஷ் நூற்பாலை அலுவலகத்தில் இருக்கிறான். டெல்வின் ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான்.

"விழா எடுங்க, வேண்டாங்கல" என்றான் டெல்வின். "ஆனா இத்தன வருசம் கழிச்சு ஒருத்தரு காலுல பொத்துனு விழுந்து, அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கது இருக்குல்லா, அது ஒரு வியாதி. எனக்கு வராது."

"நீ விழ வேண்டாம்லே. காரை எடுத்துட்டு வந்தாப் போதும்" என்றான் செல்வகணேஷ். "ஞாயித்துக்கெழமை காலையில கழுகுமலை பஸ் ஸ்டாண்டுல சாரை ஏத்தி மண்டபத்துல இறக்கிரு. எங்க மேனேஜர்தான் தலைமை. ஒன்னையப் பத்தி சொல்லி வச்சிருக்கேன்."

டெல்வின் பன்னைக் கீழே வைத்தான்.

செல்வகணேஷின் மில்லில் வேலை பார்க்கும் பெண்களைப் புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏற்றி இறக்க வேன் காண்டிராக்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை நம்பி டெல்வின் கடனில் ஒரு வேன் வாங்கிவிட்டான். காண்டிராக்ட் இன்னும் வரவில்லை. வேன் வாசலில் நிற்கிறது. அதன் கூரையில் அவன் அம்மா தெரசம்மாள் மிளகாய் காயப்போடுகிறாள். தவணைக்காரர்கள் வந்தால் மிளகாயை அள்ளிக்கொண்டு பதில் சொல்வதும் அவள்தான்.

மேனேஜர் மணிகண்டபிரபு கேட்டது ஒன்றே ஒன்று. முந்தைய ஆள் புதூர்ப் பெண் ஒருத்தியை வேறு ஊரில் இறக்கிவிட்டுப் போய், ஊரே மில் வாசலுக்கு வந்துவிட்டது. "பழைய வண்டியா இருந்தாலும் பரவால்ல. ஆளை மாத்தி ஏத்தாத டிரைவர் வேணும்" என்று சொல்லியிருந்தார்.

"சாரை அடையாளம் தெரியும்லா?" என்றான் செல்வகணேஷ்.

"தெரியாமயா?" என்றான் டெல்வின்.

தெரியாது. கணக்கு வகுப்பு தொடங்கியதும் டெல்வின் வெளியே போய் நின்றுவிட வேண்டும் என்பது அவனுக்கும் சாருக்கும் இடையே ஏற்பட்டிருந்த ஒப்பந்தம். வருடம் முழுவதும் அவன் ஜன்னல் வழியே பார்த்தது கரும்பலகையை நோக்கித் திரும்பிய ஒரு முதுகை. குரல் மட்டும் நன்றாகத் தெரியும். மில் சங்குக்குத் தொண்டை கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரல். மற்றபடி, வாத்தியாரால் உருவாகாதவன் வாத்தியார் மூஞ்சி எப்படி இருக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு திரிய முடியாது.

விழா பேனரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். பேனருக்கு, பழைய குரூப் போட்டோவில் கடைசி ஓரத்தில் நின்ற சாரைத் தனியே வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். அதில் இருந்தது யாராகவும் இருக்கலாம். கடலை மிட்டாயாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கழுகுமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் துணிப்பை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"சார், கோவில்பட்டி விசேஷத்துக்குத்தானே?"

சங்கரன்கோவில் பஸ் ஹாரன் அடித்ததில் பதில் கேட்கவில்லை. தலை மட்டும் ஆடியது. கார் அனுப்புவதாக ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்ததுபோல் அவர் உரிமையோடு பின் சீட்டில் ஏறி, ஏசி பட்டதும் தூங்கிப்போனார்.

மண்டப வாசலில் மேனேஜர் மாலையோடு நின்றார். செல்வகணேஷ் ஓடி வந்து கார் கதவைத் திறந்தான். உள்ளே பார்த்தான். ஒரு கணம் அப்படியே நின்றான். திரும்பி மேனேஜரைப் பார்த்தான். பிறகு தடாலென்று தரையில் விழுந்தான்.

"சார்! அப்படியே இருக்கீய சார்!"

அடுத்து ஜெயஷீலா வந்தாள். பெரியவரைப் பார்த்தாள், டெல்வினைப் பார்த்தாள், பட்டுப்புடவையோடு விழுந்தாள். அதற்குப் பின்னால் ஒரு வரிசையே விழுந்தது. முதலில் பயந்து பின்வாங்கிய பெரியவர், போகப் போகப் பழகிக்கொண்டு, "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்றார்.

'வியாதி முத்திப்போச்சு' என்று டெல்வின் நினைத்துக்கொண்டான்.

மேடையில் சாருக்குச் சால்வை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். பெரியவர் அதைச் சந்தேகத்தோடு பிடித்து, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போகணும்" என்றார்.

புல்லாங்குழல் மாதிரி மெல்லிய குரல்.

டெல்வின் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட குரல் இது இல்லை. அப்போது போன் அடித்தது.

"ஏலே, டெல்வினா? கண்ணுசாமி பேசுதேன். கார் எங்கலே?"

தொண்டை கட்டிய சங்கு. டெல்வின் நாற்காலியிலிருந்து தானாக எழுந்து நின்றான்.

"இந்தா... வந்துக்கிட்டே இருக்கேன் சார்."

சொல்லிவிட்டு மேடையைப் பார்த்தான். மேனேஜர் அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் பாட்டில் கொடுக்கும் சாக்கில் டெல்வின் மேடையேறினான்.

"அண்ணாச்சி, நீங்க யாரு?"

"நவநீதகிருஷ்ணன். கயத்தாறுல ஆட்டு யாவாரம். கல்யாண வீட்டுல இவ்வளவு மரியாதையா? ஆமா, பொண்ணு மாப்பிள்ளை எங்க?"

"கல்யாணம் வேற மண்டபம். பிறகு நானே கொண்டுபோய் விடுதேன். அதுவரைக்கும் கொஞ்சம் கணக்கு வாத்தியாரா இருங்க அண்ணாச்சி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"அப்பச் சரி."

கீழே இறங்கி மூலையில் நின்று கண்ணுசாமி சாருக்குப் போன் போட்டான்.

"சார், விழாவைத் தள்ளி வச்சாச்சு. அடுத்த மாசம்."

மறுமுனையில் பஸ் இரைச்சல் கேட்டது.

"ஓ" என்றார் சார். "தள்ளி வச்சாச்சா?"

"ஆமா சார். நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

"பஸ் ஏறிட்டேன்லே. கோவில்பட்டியில வேற ஒரு சோலி கெடக்கு."

மேடையில் செல்வகணேஷ் அழுதுகொண்டிருந்தான். "இன்னைக்கு நான் நாலு காசு சம்பாதிக்கேன்னா, சார் போட்ட கணக்குத்தான்!"

"எனக்குக் கணக்கே தெரியாதுப்பா" என்றார் ஆட்டு வியாபாரி, மைக்கில்.

முதலில் ஜெயஷீலா கை தட்டினாள். "பாத்தீங்களா? அன்னைக்கும் இதேதான் சொல்லுவாவ. என்னா அடக்கம்!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனி ஒரே வழி ஆளை வெளியேற்றுவது என்று முடிவு செய்து டெல்வின் மைக்கைப் பிடுங்கினான்.

"சாருக்கு ஒடம்பு முடியல. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அடடா" என்று மேனேஜர் எழுந்தார். "உங்க கார் எதுக்கு? நானே என் கார்ல கொண்டுவிடுதேன். சார், கழுகுமலையில வீடு எங்கன?"

"கழுகுமலையா? நமக்குக் கயத்தாறுல்லா" என்றார் ஆட்டு வியாபாரி.

அதற்குள் ஜெயஷீலா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "நாடி குதிரையாட்டம் ஓடுது! சாருக்கு ஒண்ணுமே இல்ல. இப்பத்தான் கயத்தாறுக்கு வீடு மாத்தினாவ. உக்காருங்க சார், அசையப்படாது." அவரைத் தோளைப் பிடித்து அமுக்கி நாற்காலியில் உட்காரவைத்து, டெல்வினைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள்.

'வெளங்காத நர்ஸ்' என்று பல்லைக் கடித்தான் டெல்வின். தப்பிக்க இருந்த ஒரே வழியையும் கெடுத்துவிட்டாள். மேனேஜர் ஆட்டு வியாபாரியின் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மகனுக்கு அல்ஜீப்ரா வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்க ஆரம்பித்தார்.

"பருத்திக்கொட்டை குடுங்க" என்று பதில் வந்தது.

அதைக் கேட்கத் தெம்பில்லாமல் டெல்வின் மண்டபத்தின் பின்புறம் போனான். சமையல்காரர்கள் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேனை விற்றுவிட வேண்டியதுதான். அம்மா மிளகாயை வேறு எங்காவது காயப்போடட்டும்.

"உப்பு கொஞ்சம் தூக்கலு" என்றது பின்னால் ஒரு குரல்.

டெல்வின் விறைத்துப்போய்த் திரும்பினான். கட்டம் போட்ட சட்டை, தலையில் கறுப்புச் சாயம், கையில் பாதி வடை. வாத்தியார் என்று கோயிலில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"சார்..."

"நீதான் டெல்வினா? விழாவைத் தள்ளி வச்சியே, வடையை யாரு தள்ளி வைக்கது?"

டெல்வின் எல்லாவற்றையும் கொட்டினான். முகம் தெரியாதது, கேட்கக் கூச்சப்பட்டது, கயத்தாறு, ஆடு, மேனேஜர், வேன், மிளகாய்.

"உள்ள போயி உண்மையைச் சொன்னா காண்டிராக்ட் போயிரும் சார். சொல்லலன்னா உங்க விழா போயிரும். ரெண்டுல எது போனாலும் என்னாலதான்."

சார் வடையை மென்றபடி நின்றார்.

டெல்வின் சுற்றிலும் பார்த்தான். சமையல்காரர்கள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரன் உள்ளே இருந்தான். டெல்வின் சத்தமில்லாமல் குனிந்து, வெங்காயத் தொலி கிடந்த தரையில் முழங்கால் போட்டு, சாரின் காலைத் தொட்டான். தொட்டவன் எழுந்திருக்கவில்லை.

"எந்திலே" என்றார் கண்ணுசாமி சார். "விழணும்னா உள்ள போயி அவனுவ காலுல விழு. கார் கதவைத் தொறந்தப்பவே அது நானில்லன்னு செல்வகணேஷுக்குத் தெரிஞ்சு, நான் ஒங்கிட்டப் பேசுன கையோட எனக்கு போன் போட்டு, பஸ் ஏறிப் பின்வாசல் வழியா வரச் சொல்லிட்டான். மேனேஜர் முன்னால ஒன் பொழப்பு போயிரக்கூடாதேன்னுதாம்லே, அத்தன பேரும் ஆட்டு யாவாரி காலுல விழுந்து அழுதுக்கிட்டுக் கெடக்கானுவ!"