நாட்டு நிலைமையும் இரத்தினசிங்கத்தாரின் காதும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தங்களில் ஒரு குறையும் இருக்க முடியாதென்று சத்தியமாக நம்புகிற இனம். கண் மங்கினால் பத்திரிகைக்காரன் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டான். மூச்சு வாங்கினால் மாடிப்படி கட்டியவன் மடையன். காது கேட்காவிட்டால்? நாட்டு நிலைமை!

கொழும்பு வெள்ளவத்தை இரத்தினசிங்கத்தார் இந்த இனத்தில் முதல்தரம். புதுக்கடை நீதிமன்றத்தில் சாட்சிகள் தமிழில் சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். காதுதான் அவருக்குச் சோறு போட்டது. அந்தக் காது அடைக்கத் தொடங்கியதோ சண்டைக்காலத்தில். காலி வீதி பஸ்ஸில் தமிழ் கதைக்கிறவர்களுக்குப் பயத்தில் உதடு மட்டும் அசையும். இராணுவச் சோதனைச் சாவடி தாண்டினால்தான் குரல் திரும்பும். ஆகவே அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கடை முதலாளியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ‘புத்தியுள்ள மனிசன்’ என்று மெச்சிக்கொண்டார். வீட்டு டெலிபோன் மணியும் கேட்கவில்லை. அதுவுமா ஆமிக்குப் பயந்துவிட்டது? அதை அவர் யோசிக்கவில்லை.

மனைவி நாகேஸ்வரி தொண்டை கிழியக் கத்தினாள்: “இஞ்சேருங்கோ, உங்களுக்குக் காது கேக்கேல்லை! டொக்டரிட்டைப் போவம்!”

“மெல்லமாக் கதையும்! வெளியில ஆமிக்காரன் நிக்கிறான்!” என்று அவர் போட்ட சத்தத்தில், தெருமுனையில் நின்ற ஆமிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

வாரக்கணக்கில் இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தாள் கொட்டாஞ்சேனை மீன்காரி றோஸி. சண்டைக்காலத்திலும் குரலைக் குறைக்காத ஒரே கொழும்புத் தமிழச்சி அவள்தான். கூண்டில் ஏறி அவள் வாய் திறந்ததும் வெளியே மரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன.

இரத்தினசிங்கத்தார் காதில் கையை வைத்தார். “பயப்பிடாமல் கொஞ்சம் உரத்துச் சொல்லு பிள்ளை.”

“ஐயோ, இதுக்கு மேல எப்பிடிக் கத்துறது ஐயா? கல்கிசைக்கே கேட்டிருக்குமே!”

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. காதைச் சரிப்படுத்திக்கொண்டு வந்தால்தான் இனி வேலை என்று எழுதிக் காட்டினார், சொன்னால் அவருக்குக் கேட்காதே!

கொள்ளுப்பிட்டியில் டொக்டர் நிலாம் சோதித்துப் பார்த்து, காதடியில் குனிந்து கத்தினார்: “கிருமி ஒண்டுமில்ல. உங்கட ரத்தத்தில காவலுக்கு நிக்கிற வெள்ளை அணுக்கள்தான் உள்காதுக்குள்ள பூந்து, சொந்தக் காதையே எதிரியெண்டு நினைச்சு அடிக்குது. உள்ளுக்கு அழற்சி.”

“காவலுக்கு வந்தவன் வீட்டுக்காரனையே அடிக்கிறானோ? வெள்ளவத்தையில அது வழக்கம்தானே டொக்டர்!”

அவர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த சனம் முழுக்கத் தலை குனிந்துகொண்டது. நாகேஸ்வரிக்கு உயிரே போய் வந்தது.

“அதுகளை அடக்க ஸ்டீரொய்ட் குளிசை தாறன். ஆனா பிந்திட்டீங்க. கேக்கிறது குறைஞ்ச உடனேயே வந்திருந்தா ரெண்டு காதும் தப்பியிருக்கும்.”

வலது காது மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இடது போனது போனதுதான். வேலையும் திரும்பக் கிடைத்தது. சாட்சிக்கு வலது காதைக் கொடுத்தால் நீதிபதிக்கு முதுகுதான் மிச்சம், பாவம், அவரும் பொறுத்துக்கொண்டார். பாடம் படித்தாரா என்கிறீர்களா? கேட்டால் இன்றைக்கும் சொல்வார்: “இடப்பக்கத்துச் சனம் இன்னும் பயத்திலதான் கதைக்குது.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் எல்லோரும் கொஞ்ச நாளாக மெல்லப் பேசுகிறார்களோ? அதோ, உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். இது மூன்றாம் தடவை.