சுவர் ஜெயித்த கதை

வெளிநாட்டு ஸ்குவாஷ் போட்டிக்கு ஒரே ஒருவரை அனுப்புவது என்றும், அந்த ஒருவரை நேரில் பார்த்தே தேர்ந்தெடுப்பது என்றும் விளையாட்டுத் துறை மிகுந்த பொறுப்புணர்வோடு முடிவெடுத்தது. பார்க்க வந்த தேர்வு அதிகாரி, போன மாதம் வரை மீன்வளத் துறையில் இருந்தவர்.

தேர்வுக்கு வந்திருந்த வீராங்கனைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. முழங்கால் வேறு தகராறு. இந்த முறை விட்டால் இனி போகவே முடியாது. அதிகாரி வருவதற்குள் கை சூடாகட்டும் என்று தனியாகவே பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஆட்டத்தில் எதிராளி இல்லாத நேரத்தில் சுவர்தான் துணை. அதிகாரி எப்போது வந்து ஆடுகளத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தாரோ தெரியாது. முழங்கால் மடங்கி அவள் ஒரு பந்தைத் தவறவிட்டதும் எழுந்து கைதட்டினார்.

"அருமை! சுவர் ஜெயிச்சிருச்சு."

"சார், நான் சும்மா பயிற்சிதான் பண்ணிட்டிருந்தேன்."

"நீங்க அடிச்சதை எல்லாம் அது திருப்பிக் கொடுத்துச்சா இல்லையா?"

"கொடுத்துச்சு..."

"ஒண்ணாவது விட்டுச்சா?"

"அது சுவர் சார்!"

"மூச்சு வாங்கல, முழங்காலைப் பிடிக்கல, அதிகாரியை எதிர்த்துப் பேசல. இதுக்கு மேல என்னம்மா ஒழுக்கம் வேணும்?"

மேற்படி சுவர் ஏகமனதாகத் தேர்வானது. பெயர்த்து எடுத்தால் கூரை விழும் என்று பொறியாளர் ஆட்சேபம் தெரிவிக்கவே, சுவரின் சார்பில் அதிகாரியே குடும்பத்தோடு விமானம் ஏறினார். ஆட வராததால் சுவர் முதல் சுற்றிலேயே தோற்றதாக அங்கே அறிவித்தார்கள். ஊரே கொதித்தது. நம் சுவருக்கு அநீதி என்று பத்திரிகைகள் தலையங்கம் தீட்டின. அவளுக்காக ஒரு வரி எழுத நாதியில்லை. அம்மாகூட, "நீயும் அது மாதிரி பேசாம நின்னிருக்கலாம்லடி?" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

தோல்விக்குக் காரணம் பயிற்சிக் குறைவே என்று விசாரணைக் குழு கண்டுபிடித்து, அவளையே சுவரின் பயிற்சியாளராக நியமித்தது. நிரந்தர வேலை, சுழல் நாற்காலி. பட்டம் வென்றபோது எட்டிப் பார்க்காத அக்கம்பக்கத்தார் இப்போது வாழ்த்த வந்தார்கள். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. போகப் போக நாற்காலி பழகிவிட்டது. முழங்காலும் வலிக்கவில்லை.

அடுத்த தேர்வுக்கு ஒரு பெண் மட்டையோடு வந்து நின்றாள். நல்ல ஆட்டக்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மேடம், நான் யார்கூட ஆடணும்?"

வீராங்கனை நாற்காலியைக் கண்ணாடிக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல சுவரை ஜெயிச்சுட்டு வாம்மா."