ஒரு சொட்டு உள்ளே போகாது

பெட்டியின் மூடியைத் தூக்கினால் மூடி மட்டும்தான் வர வேண்டும். அன்றைக்கு மூடியோடு சேர்ந்து அதன் விளிம்பில் ஓடிய ரப்பரும் பிய்ந்து வந்து, டோப்பாக்காரரின் விரல்களில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, பெட்டி நல்லாத்தானே இருக்கு?" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு!" என்று சொல்லிவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சட்டை பாழாயிற்று.

உண்மையில் டோப்பா செய்வது அவர் இல்லை. ஒவ்வொரு முடியாக எடுத்து வலையில் முடிச்சுப் போட்டு அதைச் செய்வது அவர் மனைவி. பைக்கின் பின்னால் பூட்டிய பெரிய பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் இவர் பங்கு. ஆனாலும் தெரு இவருக்குத்தான் அந்தப் பட்டத்தைச் சூட்டியது. இவர் தலையில் ஒரு முடிகூட இல்லாதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

போன மாதம் நடந்த கதை அவருக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டுமே தெரியும். ஒரு நாடகக் குழு, ராணி வேஷத்துக்கு டோப்பா கேட்டிருந்தது. மனைவி சுருள் சுருளாக உருட்டி, பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. அரங்கத்தின் பின்வாசலில் பெட்டியைத் திறந்தால், ராணியின் கூந்தல் தரைதுடைக்கிற துணி போலச் சுருண்டு கிடந்தது. போதாக்குறைக்கு, இற்றுப்போன ரப்பரின் கறுப்புத் துணுக்குகள் முடி முழுக்க ஒட்டியிருந்தன. கிள்ளி எடுத்தாலும் வரவில்லை. மனிதர் என்ன செய்வார்? ஒரு துண்டில் சுருட்டி வாசல்காரர் கையில் திணித்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

திட்டு வரும் என்று காத்திருந்தவருக்கு வந்தது ஆர்டர். குழுவின் மேக்கப்காரரே மனைவிக்குப் போன் செய்தார். "போன தடவை குடுத்தீங்களே, அச்சு அசலா அதே மாதிரி இன்னும் நாலு வேணும்."

"பாத்தீங்களா, இப்பத்தான் என் கைக்கு மரியாதை வந்திருக்கு" என்று மனைவி துள்ளினாள். "இதுவும் நல்லா அமைஞ்சா வருஷம் பூரா அவங்க நாடகம் எல்லாத்துக்கும் நாமதானாம். அப்புறம் இந்தப் பொம்மைத் தலைக்கு முடி ஒட்டற வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு!"

பொம்மைக் கம்பெனிக்கு முடி ஒட்டி ஒட்டி அவள் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. சாப்பிடும்போது தண்ணீர் டம்ளர் சுடுகிறதா இல்லையா என்று அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவாள். அதை நினைத்தால் அவருக்கு நெஞ்சு வலித்தது. நனைந்ததை எப்படியோ காயவைத்துச் சீவிச் சமாளித்திருக்கிறார்கள் போலிருக்கிறது, நல்ல மனிதர்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஒரு தடவை பொறுத்தவர்கள் மறுதடவையும் பொறுப்பார்களா? வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும். வானமோ வாரம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

பழைய ரப்பரை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுத்துக் குப்பை வண்டியில் போட்டார். வண்டி முனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உதிரிபாகக் கடைக்குப் போனார்.

"ரப்பர் தனியா வராது. பெட்டியோடதான் வரும்" என்றார் கடைக்காரர்.

"பெட்டி நல்லாத்தாங்க இருக்கு."

"அப்ப ஒரு புதுப் பெட்டி வாங்கி, ரப்பரை உருவிட்டு, பெட்டியைத் தூக்கிப் போட்டுடுங்க."

வெறுங்கையோடு திரும்பியவரை வாசலிலேயே மச்சினன் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. உருப்படியாகத் தெரிந்த விஷயமும் கிடையாது.

"இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க மாமா? கதவு இடுக்குல ஒட்டற ஸ்பாஞ்ச் டேப் இருக்கு. ஒட்டுனா ஒரு சொட்டு உள்ள போகாது."

"அக்காகிட்ட மூச்சு விடாதே மாப்பிள்ளை."

ஒட்டினார்கள். குளியலறையில் ஷவருக்கு அடியில் பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். ஸ்பாஞ்ச் குடிக்கிற வரைக்கும் குடித்துவிட்டு, மிச்சத்தை உள்ளே துப்பியது. முன்பெல்லாம் மழை பெய்தால்தான் ஒழுகும். இப்போது ஷவரை மூடிய பிறகும் நெடுநேரம் உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது.

மச்சினன் அசரவில்லை. "உலகத்துலயே நல்லா மூடற கதவு எது மாமா?"

"ஜெயில் கதவு."

"ஃப்ரிட்ஜ் கதவு மாமா! அந்த ரப்பர் இருக்கே..."

மத்தியானம் மனைவி கண்ணயர்ந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரை உருவினார்கள். அதற்குள்ளே காந்தம் இருக்கும். இரும்பைக் கண்டால் பிடிக்கும். இவர்கள் பெட்டியோ பிளாஸ்டிக். அது சீந்தக்கூட இல்லை. மூலையில் வளைத்துப் பார்த்தபோது கிழிந்தே போயிற்று. சத்தம் போடாமல் பழையபடி ஃப்ரிட்ஜிலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஃப்ரிட்ஜ் ஏன் மூச்சு விடுது?"

"வயசாயிடுச்சில்ல" என்றார்.

மறுநாள் பால் திரிந்து போயிற்று. அதன்பிறகு ஃப்ரிட்ஜ் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலி நின்றது. யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் முதலில் நாற்காலியை நகர்த்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் மச்சினன் ஒரு பெரிய ரப்பர் சுருளோடு வந்து நின்றான். கார் கதவுக்குப் போடுகிற சங்கதி, கட்டைவிரல் தடிமன். "இதுதான் மாமா கடைசி. ரெண்டு சுத்து போட்டுடுவோம்."

"ஒரு சுத்து போதாதா?"

"அக்காவோட பொழைப்பு மாமா இது!"

அந்த வார்த்தையில் அவர் உருகிப்போய்ப் பசையை வாரி இறைத்தார். டியூபின் மேல் 'நன்றாக உலரவிடவும்' என்று போட்டிருந்தது. அதற்கெல்லாம் எங்கே நேரம்? மனைவி நான்கு டோப்பாக்களையும் வலைத்துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக ஏந்திக்கொண்டு வந்து உள்ளே வைத்தாள். "நாலு தலையும் பத்திரங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

மூடி மூடவில்லை. டோப்பாக்காரர் அழுத்தினார். மச்சினன் மேலே ஏறி உட்கார்ந்தான். 'டக்' என்று ஒரு சத்தம்.

"மூடிடுச்சு மாமா!"

"ஒரு பிடி முடி வெளியில தொங்குதேடா! திற, திற!"

திறக்கவில்லை. பூட்டு திறந்தது, மூடி அசையவில்லை. பசை தன் வேலையை நன்றாகச் செய்துவிட்டது.

"நீங்களே யோசிங்க மாமா. நம்மளாலயே திறக்க முடியலைன்னா தண்ணி எப்படிப் போகும்?"

அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மழையும் தொடங்கிவிட்டது. கிளம்பினார்.

சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர்காரம்மா பெட்டியிலிருந்து நீளமாகத் தொங்கிய கூந்தலைப் பார்த்து வீல் என்று அலறினாள். டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"ஓரம் கட்டு. பெட்டியில என்ன?"

பயத்தில் அவர் வாய் வீட்டில் பேசுகிற பேச்சைப் பேசிவிட்டது. "நாலு தலை சார்."

போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். "திற!"

"திறக்க மாட்டேங்குது சார். டோப்பா சார் அது. நாடகத்துக்கு. என் சம்சாரம் செஞ்சது."

போலீஸ்காரர் அவருடைய வழுக்கையைப் பார்த்தார், கூந்தலைப் பார்த்தார், மறுபடி வழுக்கையைப் பார்த்தார். "வீட்டுல இவ்வளவு முடியை வெச்சுக்கிட்டு நீ ஏன்யா இப்படித் திரியறே? நட, நாடகம் நடக்கிற அந்த அரங்கத்துக்கே வர்றேன்."

ஆக, டோப்பாக்கள் அரங்கத்தின் பின்வாசலுக்குப் போலீஸ் பாதுகாப்போடு போய்ச் சேர்ந்தன. வழி நெடுக மழை கொட்டித் தீர்த்தது. டோப்பாக்காரரின் உள்பனியன்வரை நனைந்திருந்தது. மேக்கப்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தலைமுடி காயவைக்கிற மெஷினை எடுத்து வந்து மூடியின் விளிம்பெல்லாம் சூடு காட்டினார். பசை இளகியது. நான்கு பேர் சேர்ந்து இழுத்ததில் மூடி திறந்துகொண்டது.

டோப்பாக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் உள்ளே விட்டார். காய்ந்திருந்தது. நான்குமே காய்ந்திருந்தன! சுருள்கள் மனைவி உருட்டிய மேனிக்கு அப்படியே துள்ளின. வெளியே தொங்கிய அந்த ஒரு பிடி மட்டும்தான் ஈரம். இனி வீட்டுக்குத் தைரியமாகப் போகலாம். அவளுடைய மரத்துப்போன விரல்களைப் பிடித்துக்கொண்டு இனிமேல் பொம்மைத் தலை வேண்டாம் என்று சொல்லலாம். ஃப்ரிட்ஜ் விஷயத்தைக்கூட ஒப்புக்கொள்ளலாம்.

போலீஸ்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, ஏமாற்றத்தோடு தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"பாருங்க சார்" என்றார் டோப்பாக்காரர், நெஞ்சை நிமிர்த்தி. "இந்த மழையில ஒரு சொட்டு உள்ள போகலை!"

மேக்கப்காரர் ஒன்றைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஈரமாக இருந்த அந்த ஒரு பிடியைப் பார்த்ததும் அவர் முகம் சற்று மலர்ந்தது. மற்றதைப் பார்த்ததும் வாடிவிட்டது.

"என்ன சார் இது, போன தடவை முடியெல்லாம் சடை விழுந்து, நடுவுல கறுப்புக் கறுப்பா பாசி ஒட்டி, அவ்வளவு தத்ரூபமா இருக்கப் போய்த்தானே டைரக்டர் கதையையே மாத்தி, ராணியும் நாலு தோழிகளும் ஆத்துல மூழ்கிப் பேயா வர்ற மாதிரி எழுதி, வருஷம் பூரா உங்க வீட்டம்மாதான்னு சொல்லிட்டிருக்காரு, நீங்க பாசியை எல்லாம் எடுத்துட்டு இப்படி ஒரு சொட்டுகூடப் படாமக் கொண்டு வந்து நிக்கிறீங்களே!"