நீல வீட்டு மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஆரின் அவர்களுக்கு,

மான்டானாவிலிருந்து வெர்லின் எழுதுவது. உன் தங்கை லார்னா சுகம், நாய் சுகம், நான் மட்டும்தான் சுகமில்லை. சனிக்கிழமை உன் மருமகள் கேலினுக்குக் கல்யாணம். தேவாலயத்தில் அப்பன் முறைக்கு அவள் கையைப் பிடித்து நடத்திப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

காரணத்தைக் கேள். மாப்பிள்ளை டேட் நல்ல பையன் என்று நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு ஆப்பிள் பை சாப்பிடப் போனேன். கராஜைத் திறந்து காட்டினான். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்து அடைத்துத் தோட்டாவாக்கும் பிரஸ், மேஜையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நீல நிறம்! பிரஸ் செய்யும் கம்பெனிக்கு ஒரு கலர் என்றால், நம்ம வகையறா மொத்தமும் சிவப்புக் கம்பெனிதானே மச்சான்? பச்சைக் கம்பெனிக்காரனுக்குக்கூட மனுஷன் என்று ஒரு காபி கொடுத்திருக்கிறேன். நீலக்காரனை வாசற்படி ஏற்றியதில்லை. "என்னப்பா இது?"ன்னு கேட்டா, "நல்லா வேலை செய்யுது மாமா, கலர்ல என்ன இருக்கு?"ன்னு சிரிக்கிறான். கலர்ல என்ன இருக்காம்! நாளைக்குப் பேரன் பிறந்து நீலக் கம்பெனித் தொப்பி மாட்டிக்கிட்டு நின்னா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வேட்டைக் கிளப்புக்குப் போறது?

வீட்டுக்கு வந்து புலம்பினா உன் தங்கை, "நீங்க சிவப்புல செஞ்ச தோட்டாவுக்குப் போன சீசன்ல விழுந்தது பக்கத்து வீட்டுத் தபால் பெட்டி மட்டும்தான். அதுவும் மானைக் குறி வச்சப்போ"ங்கிறா. கேலின் சண்டைகூடப் போடலை. "சரிப்பா, நான் தனியாவே நடந்து போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதுதான் மச்சான், ராத்திரி தூங்க விட மாட்டேங்குது. அதுக்காகக் கொள்கையை விட்டுட முடியுமா? என் கல்யாணத்துக்கு நீ பரிசாகத் தந்த சிவப்பு பிரஸ் இன்றுவரை ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. அதன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் முடிவில் மாற்றமில்லை.

உன் மனைவிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
சிவப்பு மாறாத
வெர்லின்

பி.கு.: உறையை ஒட்டும் முன், டேட்டுக்குப் படம் பிடித்து அனுப்பிக் கடுப்பேற்றலாமென்று என் பிரஸ்ஸைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். சிவப்பு கையோடு வந்துவிட்டது. அடியில் நீலம். அடப்பாவி மச்சான், பெயின்ட் அடிச்சா கொடுத்தே? லார்னா சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் அவளுக்கும் அப்போதே தெரியும் போலிருக்கிறது. சனிக்கிழமை கேலினை நான்தான் நடத்திப் போகிறேன். வரும்போது அதே சிவப்பில் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி வா. மாப்பிள்ளை கேட்டால் வேலிக்கு என்று சொல்.