இடது குதிகாலில் உப்பு, வலது குதிகாலில் சர்க்கரை

கீழ்வேளூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செம்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கு நலம். அம்மாவின் இடது கால் மட்டும் சற்று நலக்குறைவாக உள்ளது. அதற்குக் காரணம் நான். போனில் சொல்லலாம்தான். ஆனால் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே கடிதம்.

அடுத்த மாதம் நீ மண்டபம் பிடித்திருக்கும் எழுபதாம் கல்யாணத்தில் தாலி கட்டிக்கொள்ள அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. மெட்டி போட மட்டும் காலைக் காட்ட மாட்டாளாம். "பதினெட்டு வருஷம் நடவு நட்ட காலு. குதிகாலு சித்திரையில வெடிச்ச வயக்காடு மாதிரி கெடக்கு. இதத் தூக்கி அம்மியில வச்சு வீடியோ வேற எடுக்கணுமா?" என்றாள். அவள் நட்ட நடவில்தான் நான் படித்து, மண் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போனேன். அந்தக் காலுக்கு மெட்டி போடாத விழா எனக்கு எதற்கு? இதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. உன்னிடம் வழி கேட்டேன். நீயும் குதிகாலில் தேய்க்கும் ஸ்க்ரப் செய்யும் முறையை அனுப்பினாய். அதில் 'உப்பு அல்லது சர்க்கரை' என்று இருந்தது. அந்த 'அல்லது' என்னைப் படுத்திவிட்டது.

முப்பத்திரண்டு வருடம் 'உங்கள் வயலில் உப்பு அதிகம்' என்று விவசாயிகளுக்கு எழுதிக் கொடுத்தவன், கையால் உப்பு போடுவதா என்று தயக்கம். சர்க்கரை கரைந்துவிடுமே, தேய்க்க நிற்குமா என்று சந்தேகம். கடைசியில் ஆபீஸ் முறைப்படி பாத்தி பிரித்தேன். இடது குதிகாலுக்கு மிக்சியில் உடைத்த வேதாரண்யம் கல்லுப்பு, வலதுக்குச் சர்க்கரை, இரண்டிலும் பேராவூரணித் தேங்காய் எண்ணெய் சம அளவு. எதுவும் போடாத ஒப்பீட்டுப் பாத்தியாக என் குதிகால். தினமும் மாலை அவள் கட்டிலில் உட்கார, நான் கட்டிலைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்து, ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்துத் தேய்த்தேன்.

முதல் நாளே வெடிப்பில் உப்பு இறங்கிவிட்டது. "என்ன, ஊறுகா போடுறீங்களா?" என்றாள். நடுவில் முறையை மாற்றினால் முடிவு செல்லாதே என்று பணிவாகச் சொல்லி, மறுநாள் உப்பை நைசாக அரைத்தேன். அது இன்னும் எரிந்தது. சர்க்கரைக் காலை நான் சரியாகக் கழுவாததால் கட்டிலில் எறும்பு ஏறி, இப்போது நான்கு கட்டில் கால்களும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றன. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அனீஸா வந்தபோது அம்மா கடைக்குப் போயிருந்தாள். நானே காபி போட்டேன், அவசரத்தில் சர்க்கரை டப்பாவுக்குப் பதில் எண்ணெயில் குழைத்த சர்க்கரை ஸ்க்ரப் டப்பாவை எடுத்துவிட்டேன். "மாமா, காபியில எண்ணெய் மிதக்குதே?" என்றது அந்தப் பெண். "பால் கெட்டியா வருதும்மா" என்றேன். பாவம், முழுவதும் குடித்தது. மறுநாள் வாசலில் நின்று, "ஏன் மாமா, ஒங்களுக்குப் பால் குடுக்குற மாடு தென்னந்தோப்புலதான் மேயுதா?" என்று கேட்டது. 

இன்று பத்தாம் நாள். வலது கால் மெத்தென்று இருக்கிறது. இடது காலில் சொரசொரப்புப் போய்விட்டது, வெடிப்புதான் சிவந்திருக்கிறது. இரண்டு காலும் இரண்டு பேருடையவை போல இருக்கின்றன. மெட்டியோ இரண்டிலும் போட வேண்டும். மீதி நாளுக்கு உப்பா, சர்க்கரையா? நீயே முடிவு செய். போனில் "அங்க மழையா?" என்று கேட்டால் உப்பு, "வெயிலா?" என்றால் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் செய்தது தவறென்று பட்டால் அதையும் எழுது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் வயிறார உண்டு, மனம் நிறைய வாழ வேண்டும்.

அன்புடன் அப்பா,
ஐயாவு

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். குதிகாலைப் பற்றி அவளுக்கு என்றைக்குமே கவலை இல்லையாம். "ஒங்க முட்டி மடங்காதே. அத்தன பேரு முன்னாடி குனிஞ்சு, எந்திரிக்க முடியாம உக்காந்துட்டா ஒங்களுக்குத்தான சங்கட்டம். அதான் எங்காலு மேல பழியப் போட்டேன். நேத்து கட்டிலப் புடிக்காமயே எந்திரிச்சீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தாராளமா மெட்டி போடுங்க" என்கிறாள். அப்படியானால் உப்பா, சர்க்கரையா என்று கேட்டேன். "ரெண்டும் வேணாம், வெளக்கெண்ணெய் போதும். ஆனா தேய்க்கிறத நிறுத்திப்புடாதீங்க" என்றாள். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். போகிறேன்.