கசிவற்ற நகர்

இராஜபாளையம் வைகறை நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. நவநீதகிருஷ்ணன் அவர்களின் சமையலறைக் குழாய், தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கையில், உரிய முன்னறிவிப்பு ஏதுமின்றிக் கசியத் தொடங்கியது. மேற்படி கசிவு அவர் மனைவி குருவம்மாளால் அவருடைய மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மகளுக்குத் தலைதீபாவளி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வருகிறார், அதற்குள் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றார் அந்த அம்மாள். எண்ணெய் தேய்த்து உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு வெந்நீர் ஊற்ற முடியாமல் போனால் சம்பந்தி வீட்டில் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான்.

எங்கள் பக்கம் பிளம்பர் என்றால் ஐயாதுரை. தங்கமான மனிதர், யாரிடமும் வரமாட்டேன் என்று சொன்னதே கிடையாது. எப்போது போன் போட்டாலும், "சேத்தூர்ல நிக்கேன், செத்த நேரத்துல வாரேன்" என்பார். சேத்தூரில் அப்படி என்னதான் இருக்கிறதோ, வருஷம் முழுக்க அங்கேயே நிற்பார்.

ஆனால் நவநீதகிருஷ்ணன் அவருக்குப் போனே போடவில்லை. இப்போது நாகரிகம் மாறிவிட்டது. செல்போனைத் திறந்தால் வீடியோவில் யாராவது ஒருவர் ஸ்பேனரும் கையுமாகச் சிரிக்கிறார். சொந்தக் குழாயைச் சரிசெய்யத் தெரியாதவனுக்குப் பெண் கொடுத்ததே தப்பு என்கிற தோரணையில் பேசுகிறார். நம்மவர் பார்த்தார், ரோஷம் வந்துவிட்டது. ஸ்பேனர், வெள்ளை டேப், மஞ்சள் கையுறை எல்லாம் வாங்கினார். மேல்தொட்டியைக் காலி செய்தார். குழாயைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். வேலை முடிந்தபோது ரப்பர் வாஷர் ஒன்று மிச்சம் இருந்தது. சிக்கனமாகச் செய்திருக்கிறோம் என்ற திருப்தியோடு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குழாய் கசியவில்லை. மறுநாளும் கசியவில்லை. தெருவே திரண்டு வந்து பார்த்தது. தொட்டி காலி, அடுத்த முறைத் தண்ணீர் வர இன்னும் நாள் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு நல்ல காரியம் நடக்கிறபோது அதைக் கிளறுவது அழகல்ல. நாங்களும் தொட்டியைக் காலி செய்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தோம். அந்த வாரத்துக்குள் வைகறை நகர் முழுக்கக் கசிவு நின்றது.

சேதி குடிநீர்ச் சிக்கன மேம்பாட்டு உபகோட்டத்துக்கு எட்டியது. 'கசிவற்ற நகர்' என்று அவர்களிடம் ஒரு திட்டம் ஆள் கிடைக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் ஒழுகினாலும் அந்தத் தெருவுக்கே சான்று கிடையாது. உபகோட்ட அலுவலர் ரத்தினம் ஜீப்பில் வந்து வீடு வீடாகக் குழாய்க்கு அடியில் கையை நீட்டினார். எங்கும் கை நனையவில்லை. மனிதருக்குக் கண் நனைந்துவிட்டது.

குருவம்மாள் மட்டும் குழாயைத் திருகிக் காட்டி, "சார், தொறந்தாலும் தண்ணி வரலையே" என்றார்.

"அம்மா, நான் வந்தது கசிவைப் பாக்க. வரத்து வேற செக்சன்" என்றார் ரத்தினம்.

சான்று கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு மாட்டினோம். அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. பண்டிகையை முன்னிட்டு தீபாவளி விடியலில் சிறப்பு விநியோகம் என்று அறிவிப்பு வந்தது. நவநீதகிருஷ்ணன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். எங்கள் பைகளிலும் ஆளுக்கொரு வாஷர் இருந்தது. தண்ணீர் வந்தால் கசியும், கசிந்தால் சான்று ரத்து, ரத்தானால் ரத்தினம் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். எனவே நகரின் நற்பெயரைக் கருதி மறு உத்தரவு வரும்வரை தண்ணீர் விடாமல் ஆவன செய்யுமாறு மனு எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டோம். தண்ணீர் கேட்டுக் கொடுத்த மனுக்கள் இன்றும் பரிசீலனையில் உள்ளன. வேண்டாம் என்று கொடுத்த மனு அன்று மாலையே ஏற்கப்பட்டது. இதைக் குருவம்மாளிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

தீபாவளி விடிந்தது. மாப்பிள்ளை சிவபாண்டி மணைப்பலகையில் உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெயோடு உட்கார்ந்திருந்தார். குருவம்மாள் குளியலறைக் குழாயைத் திறந்தார். அது இருமியது, அவ்வளவுதான். கேன் தண்ணீர்க் கடையும் பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் நவநீதகிருஷ்ணன் மனு விவரத்தைச் சொன்னார். குருவம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சம்பந்தி சுந்தரம்மாளுக்குப் போன் போட்டார்.

"மதினி, உங்க வீட்டுக் குழாய் ஒழுகுதா?"

"அத ஏன் கேக்குதிய. சித்திரையில இருந்து ஒழுகுது. ஐயாதுரை வாரேன் வாரேன்னு சேத்தூர்லயே நிக்கான். என்னாலதான் எங்க தெருவுக்குச் சான்று கெடைக்கலன்னு அம்புட்டு பேரும் ஏசுதாவ."

"ஒழுகட்டும் மதினி. மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு நாங்க அங்க வாரோம்."

என் காரில்தான் கிளம்பினோம். எனக்கும் தலையில் எண்ணெய். வளைவு வரும்போதெல்லாம் மாப்பிள்ளை சீட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கிப் போய்வந்தார். மகள் மகாலட்சுமி சிரிப்பை அடக்கவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சுந்தரம்மாள் வீட்டு வாசலில் வாளிகளோடு ஒரு வரிசை நின்றது. அதில் முதல் ஆள், காதோரம் எண்ணெய் வழிய, உபகோட்ட அலுவலர் ரத்தினம். நவநீதகிருஷ்ணன் பழக்கதோஷத்தில் வணக்கம் வைத்தார்.

"பக்கத்துத் தெருதான் நம்ம வீடு. போன வாரம்தான் எங்க தெருவுக்கும் சான்று கொடுத்தேன்" என்றார் ரத்தினம், தணிந்த குரலில்.

சுந்தரம்மாள் முதல் வாளியைத் தன் மகனுக்கே கொடுத்தார். வெந்நீர் போட்டு மாப்பிள்ளை தலையில் ஊற்றிய பிறகுதான் குருவம்மாள் முகத்தில் தீபாவளி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஐயாதுரை. கையில் பை. வரிசை மொத்தமும் பதறி ஓடிப்போய்க் குழாயை மறித்துக்கொண்டது.

"ஏலே, அந்தக் குழாயில கைய வச்சே, கேசு போட்டுருவேன்" என்றார் ரத்தினம்.

ஐயாதுரை நிதானமாகப் பைக்குள் கையை விட்டு ஒரு காலி வாளியை எடுத்தார். அவர் தலையிலும் எண்ணெய் மினுமினுத்தது.

"நான் வேலைக்கு வரல சார். ஒரு வாளி தண்ணிக்கு வந்தேன். இந்த ஊர்ல பிளம்பர் எவனும் கூப்பிட்டா வர மாட்டேங்கான். நேத்து போனப் பாத்து எங்க வீட்டுக் குழாய நானே சரி பண்ணிட்டேன்" என்றபடி வரிசையில் கடைசியாகப் போய் நின்றார்.