சகலனின் நீல ஜாக்கெட்

சகலன் என்ற உறவை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. கையில் கிடைத்தால் நிற்க வைத்து இரண்டு கேள்வி கேட்பேன். அண்ணன் தம்பியை ஆண்டவன் தருகிறான், நண்பனை நாமே தேடிக்கொள்கிறோம். சகலனோ மாமனார் பார்த்துத் தந்த போட்டியாளர். நான் பழைய கார் ஒன்று வாங்கினால் அவன் புதுக் கார் வாங்குவான். எனக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது என்று நான் மூச்சு விடுவதற்குள் அவன் சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து எங்கள் மாமியாருக்கு அனுப்புவான். (மாமி அதை உடனே எனக்கு அனுப்பி, "தம்பி, பாத்தனீங்களோ?" என்று கேட்பா. பாத்தனான் மாமி, பாத்தனான்.)

என் சகலனின் பெயர் ரஞ்சன். என் மனைவி வதனியின் தங்கை சுகியைக் கட்டியவன். (வயதில் என்னை விட இளையவன், அதனால் 'அவன்' என்று எழுதுகிறேன். நேரில் மரியாதைதான்.) ஓல்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் சமையல்காரன். நான் டீட்டிகோனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறேன். இதுவரை பிரச்சினை இல்லை. பிரச்சினை என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியும் அவன் படித்த கல்லூரியும் மைதானத்தில் ஜென்மப் பகையாளிகள். பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு பழைய மாணவர் சங்கங்களும் என்னிடம் விளக்கம் கேட்கும்.

இங்கே சுவிஸிலும் இரண்டு கல்லூரிகளுக்கும் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணிகள் உண்டு. பழைய மாணவர் என்றால் இப்போது பெரும்பாலும் அவர்களின் பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள், ஆனால் பகை பழையதுதான். கோடையில் ஒருநாள் தமிழ் அணிகள் எல்லாம் கூடிக் கிண்ணத்துக்கு ஆடும். ஒரு பக்கம் கொத்துரொட்டி தாளம் போடும், மறுபக்கம் ரோல்ஸ் பொரியும். எப்படிச் சுற்றி வந்தாலும் இறுதியாட்டம் எங்கள் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையில்தான் வந்து நிற்கும். அந்தப் போட்டிக்கு அறிவிப்பாளர் யார் தெரியுமோ? அடியேன்.

இதை நீங்கள் சாதாரணமாக எடுக்கக்கூடாது. பண்டகசாலையில் என்னோடு அதிகம் பேசுவது கையில் பிடிக்கும் ஸ்கேனர்தான். அது 'பீப்' என்று சொல்லும், நான் அடுத்த பெட்டிக்குப் போவேன். கோடையில் அந்த ஒருநாள் மட்டும் என் கையில் மைக் இருக்கும். திடலில் ஆடும் ஒரு பெடியனின் பெயரை நான் இழுத்துச் சொன்னால் ரோல்ஸ் கடை வரிசை கூடத் திரும்பிப் பார்க்கும். அந்த ஒருநாளை வைத்துத்தான் நான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. ரஞ்சனின் கல்லூரி அணி தமிழர் கிண்ணத்தை விட்டு விலகி, சுவிஸ்காரர்களின் வட்டார லீக்கில் சேர்கிறது. ஐந்தாவது பிரிவு. பயிற்சியாளர் திரு. ரஞ்சன்.

குழு கொதித்தது. "எங்கட பெடியள் சுவிஸ்காரரோட சரிக்குச் சரி விளையாடப் போறாங்கள், நெஞ்சு நிமிருது" என்றார் ஒருவர். "அப்ப எங்கட கிண்ணம் என்னாகிறது? இனி ஆரோட ஃபைனல் விளையாடுறது, கோல் கம்பத்தோடயோ?" என்றார் இன்னொருவர். "அங்கை ரோல்ஸ் கடை போட விடுவினமோ?" என்று ஒருவர் கேட்டார். கனடாவில் இருந்து, ஒரு ஆட்டத்தையும் பார்க்காத ஒருவர் எல்லோரையும் விட நீளமாக எழுதினார். நானும் எழுதினேன். 'துரோகம்' என்று தொடங்கி 'வரலாறு மன்னிக்காது' வரைக்கும் போய், வாசித்துப் பார்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "வாழ்த்துக்கள்" என்று போட்டேன். கூடவே ஒரு கட்டைவிரல்.

ஐந்தாவது பிரிவுதான் ஆகக் கடைசி, அதற்குக் கீழே ஆறாவது கிடையாது என்று தேடிப் பிடித்து என்னையே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அந்தச் சமாதானம் ரஞ்சன் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் வரைக்கும்தான் நின்றது.

கடும் நீலம். நெஞ்சில் கல்லூரிச் சின்னம், அதன் கீழே அவனுடைய பெயரின் முதலெழுத்துகள். முதுகில் பெரிதாக 'பயிற்சியாளர்' என்று ஜெர்மனில். (பருப்பு எப்போது அவியும் என்று தெரிந்தவனுக்குப் பந்து எப்போது வரும் என்று எப்படித் தெரியும்?) வீட்டுக்குள்ளே நல்ல சூடு, ஆனாலும் கழற்றவில்லை. மீன்குழம்பை அந்த ஜாக்கெட்டோடேயே ஊற்றிச் சாப்பிட்டான்.

"வேர்க்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. நல்ல துணி. காத்துப் போகும்."

வதனி ஜாக்கெட்டின் கையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல வடிவாயிருக்கு, ரஞ்சன்" என்றாள். கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் நான் போட்ட எந்த உடுப்பையும் பற்றி அவள் அப்படிச் சொன்னதில்லை.

"இனிக் கிண்ணத்துக்கு வர ஏலாது அண்ணை. லீக் விதி, நாளும் ஒத்துவராது" என்றான் ரஞ்சன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு.

"ஓம் ஓம், அதுக்கென்ன" என்றேன். எங்கள் அணியோடு மோத அவர்கள் வராவிட்டால் நான் மைக்கைப் பிடித்து என்னத்தைச் சொல்வது? அதை அவன் கேட்கவில்லை. என்னிடம் அபிப்பிராயமே கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு வதனி கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு எரியுது."

"எனக்கேன் எரியுது? மீன்குழம்பு உறைப்பு."

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த நாட்டில் எங்களுக்கு உள்ள பெரிய சொகுசு தமிழ்தான். ரயிலில் எதிரே இருப்பவரின் மூக்கைப் பற்றி அவர் முன்னாலேயே கதைக்கலாம். வேலையிடத்தில் ஷெஃப், அதாவது எங்கள் மேலாளர், ஒன்றைச் செய்யச் சொன்னால் நான் ஜெர்மனில் "சரி, செய்கிறேன்" என்பேன். பிறகு அதே சிரிப்போடு தமிழில் ஒரு வசனம் சேர்ப்பேன். அவரும் சிரித்துக்கொண்டு போவார். ஆருக்கு விளங்கப் போகுது? இத்தனை வருடமாக இந்தப் பழக்கம் நாக்கில் ஊறிவிட்டது.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை விரதம். வதனி ஒரு போத்தலில் நல்லெண்ணெய் ஊற்றித் தந்து, "திரிம்பாக் கோயிலுக்குப் போய் சனீஸ்வரனுக்கு எரிச்சுப் போட்டு வாங்கோ. நல்லாக் கும்பிடுங்கோ, உங்களுக்கு இப்ப கட்டாயம் தேவை" என்று அனுப்பி வைத்தாள். தனக்கு வேறு அலுவல் இருக்கிறதென்றாள்.

ஓல்டன் நிலையத்தில் இறங்கினேன். திரிம்பாக் பஸ் ஒரு பக்கம் நின்றது. மற்றப் பக்கம் வேறொரு ஊருக்குப் போகும் பஸ். அந்த ஊரில்தான் அன்று ரஞ்சனின் அணிக்கு முதலாவது லீக் ஆட்டம். அவர்கள் தோற்பதை ஒரே ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டால் என் நெஞ்சு ஆறிவிடும், பிறகு சனீஸ்வரனுக்கு இரண்டு எண்ணெய்ச் சட்டி சேர்த்து எரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கால் தானாகப் போய் மற்றப் பஸ்ஸில் ஏறியது.

ரஞ்சனின் கண்ணில் படாமல் இருக்க, ஊர்க்கார அணியின் பக்கம் போய் ஒரு மரக்கொட்டிலுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கொட்டிலில் வால்ட்டர் என்ற ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற மனிதர், சிவந்த கன்னம். ஐந்தாவது பிரிவில் அறிவிப்பாளர் வைக்கும் வழக்கமே கிடையாது. ஆனால் அந்த மனிதர் தானே ஒரு ஒலிபெருக்கி வாங்கி வைத்திருந்தார். எனக்கு இருந்த அதே மைக் வியாதி அவருக்கும்.

அவர் கையில் விருந்தினர் அணியின் பெயர்கள். சிவபாலசுந்தரம், ஞானசேகரம்பிள்ளை, குகதாசன். மனிதருக்கு நெற்றியில் வேர்வை. நிமிர்ந்தார், என் முகத்தைக் கண்டார்.

"எக்ஸ்கூஸி!" என்று கூப்பிட்டார், மன்னிக்கவும் என்று. இதை ஒருக்கால் வாசித்து உதவ முடியுமா என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

நான் மறுத்திருக்கலாம். குடிகாரனிடம் போத்தலை நீட்டினால் அவன் மறுப்பானோ?

வாசித்தேன். ஒவ்வொரு பெயரையும் இழுத்து, உருட்டி, ஏற்றி இறக்கி. வால்ட்டர் கைதட்டினார். குளிர் காற்றடிக்குது என்று தங்கள் அணியின் பச்சை மஃப்ளரை என் கழுத்தில் சுற்றிவிட்டார். ஒரு கையில் சூடான இறைச்சிச் சொசேஜ் ஒன்றையும் திணித்தார். (புரட்டாசிச் சனி. தெரியும். ஆனால் ஒளித்து நிற்பவன் ஊரோடு ஒத்துப்போக வேண்டாமோ? ஒரு கடிதான்.) பிறகு, "நீங்களே தொடருங்கள், எனக்குத் தொண்டை கட்டிவிட்டது" என்றார்.

என்னைச் சுற்றி முழுக்க முழுக்கச் சுவிஸ்காரர்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நாக்கு அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

ஜெர்மனில்: "விருந்தினர் அணிக்குக் கார்னர்." தமிழில், அதே சிரிப்போடு: "கார்னர் கிடைச்சென்ன, அடிக்கத் தெரிஞ்சால்தானே."

வால்ட்டர் தலையாட்டினார். மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஜெர்மனில்: "விருந்தினர் அணியின் பயிற்சியாளர், திரு. ரஞ்சன்." தமிழில்: "பயிற்சியாளராம். அடுப்படியில நிக்க வேண்டியவர் லைனில நிக்கிறார்."

திடலில் பெடியள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. "என்ன பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாங்கள்? லீக் எண்டால் பகிடி எண்டு நினைச்சாங்களோ?" என்றேன். இன்னும் சிரித்தார்கள். அவர்களின் கோல்காப்பாளன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். வயிற்றுவலியாக்கும் என்று நினைத்து, அதையும் இரண்டு மொழியிலும் அறிவித்தேன்.

அப்போதுதான் ரஞ்சன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் கொட்டில் பக்கம் திரும்பினான். வெயிலில் அந்த ஜாக்கெட் பளிச்சென்று மின்னியது. நான் மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

"அந்த ஜாக்கெட்டைப் பாருங்கோ. மீன்குழம்பு சாப்பிடேக்கையும் கழட்டேல்லை. எனக்கும் ஒண்டு தந்திருந்தால் தண்ணிப் போத்தல் தூக்கவெண்டாலும் வந்திருப்பன். ஒரு சொல்லுக் கேட்டானோ? இவ்வளவு வருசமும் உவங்கட பேரைச் சொல்லிச் சொல்லித்தானே என்ர தொண்டை கிழிஞ்சது. இனி நான் ஆரின்ர பேரைச் சொல்லுறது?"

என் குரல் ஒலிபெருக்கியால் போய், எதிர்ப்பக்கச் சுவரில் பட்டு, திரும்பி என்னிடமே வந்தது. ஆரின்ர பேரைச் சொல்லுறது? இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. குனிந்திருந்த கோல்காப்பாளன் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை விளங்கிய பார்வை. திடலில் பதினொரு தமிழ்ப் பெடியள், வெளியே அவர்களின் மாற்று ஆட்கள், அம்மாமார், அப்பாமார். அத்தனை பேருக்கும் நான் சொன்னதெல்லாம் முதல் வசனத்தில் இருந்து விளங்கிக்கொண்டிருந்தது.

கோல்காப்பாளன் என்னைப் பார்த்த அந்த நேரத்தில் ஊர்க்கார அணியின் ஒருவன் பந்தைத் தட்டிவிட்டான். அது ஆறுதலாக உருண்டு உள்ளே போனது. வால்ட்டர் துள்ளிக் குதித்தார். நான் அறிவிப்பாளன் அல்லவா, தொழில் தர்மம், மெல்லிய குரலில் "கோல்" என்றேன்.

பின்னால் இருந்து இன்னொரு குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ. திரிம்பாக் கோயிலை எப்ப இஞ்சை மாத்தினவை?"

வதனி. பக்கத்தில் சுகி. தங்கச்சி கூப்பிட்டாள் என்று எனக்குச் சொல்லாமல் ஆட்டம் பார்க்க வந்திருக்கிறாள். சொன்னால் எனக்கு எரியும் என்று ஒளித்தாளாம். என் ஒரு கையில் மைக், மறு கையில் சொசேஜ், கழுத்தில் எதிரியின் மஃப்ளர், முதுகுப் பையில் சனீஸ்வரனின் எண்ணெய்.

"அத்தான், சொசேஜ் ஆறப் போகுது" என்றாள் சுகி.

ஆட்டம் அந்த ஒரு கோலோடேயே முடிந்தது. ரஞ்சனின் முதலாவது லீக் ஆட்டத்தை நான் தோற்கடித்துவிட்டேன். அதற்காகத்தான் வந்தேன், ஆனாலும் எனக்கு ஒரு துளி சந்தோசம் வரவில்லை. நிலம் பிளந்தால் சொசேஜோடேயே இறங்கியிருப்பேன். வால்ட்டர் என் தோளைத் தட்டி, இவ்வளவு உணர்ச்சியான மொழிபெயர்ப்பைத் தான் கேட்டதே இல்லை என்றார்.

ரஞ்சன் திடலைக் கடந்து நடந்து வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். வந்து முன்னால் நின்றான்.

"அண்ணை."

"ம்."

"ஜாக்கெட் என்ன சைஸ்?"

"எல்" என்றேன்.

"டபிள் எக்ஸ்எல்" என்றாள் வதனி.

ரஞ்சனின் காரில் நால்வரும் போகும்போது நான்தான், என்னை நியாயப்படுத்துகிறேன் என்று நினைத்து, வாயைத் திறந்தேன். "நான் என்ன நினைச்சனான் எண்டால், இஞ்சை ஆருக்கு விளங்கப் போகுது எண்டு." சுகிக்குச் சிரிப்பு வெடித்தது. ரஞ்சன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான். வதனி மட்டும் சிரிக்காமல் திரிம்பாக்குக்கு வண்டியை விடச் சொன்னாள். அங்கே என்னை வாசலில் குழாயடியில் வாய் கொப்பளிக்க வைத்து, கூடவே நின்று எண்ணெய் எரிப்பித்தாள்.

இப்போது ரஞ்சனின் அணி சொந்தத் திடலில் ஆடும்போதெல்லாம் அறிவிப்பாளர் நான்தான். அணியின் நிர்வாகக் குழு கூடி ஒரு நிபந்தனையோடு ஏகமனதாகத் தீர்மானித்தது: ஜெர்மனில் மட்டும். என் கல்லூரிக்காரர் என்னைக் கட்சி மாறியவன் என்கிறார்கள், சொல்லட்டும். மாமி தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டு, "ஆருக்கு விளங்கப் போகுது, என்ன தம்பி?" என்று முடிக்கிறா.

ஜாக்கெட் தீபாவளிக்கு வந்தது. அதே கடும் நீலம், நெஞ்சில் என் பெயரின் முதலெழுத்துகள். முதுகில், பயிற்சியாளர் என்று இருக்க வேண்டிய இடத்தில், தமிழில், பெரிய எழுத்தில்: 'ஆருக்கு விளங்கப் போகுது?' வேலைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். அது என்ன எழுத்து என்று ஷெஃப் கேட்டார். எங்கள் கழகத்தின் கொள்கை என்றேன்.

ரஞ்சனின் ஜாக்கெட்டில் உள்பக்கம் ஜிப் வைத்த ஒரு பொக்கற் இருக்கிறது. என்னுடையதில் இல்லை. இதை நான் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை, எந்த மொழியிலும்.